சாலையைத் தாண்டிய கடை

“மார்ச் 4, செவ்வாய். நான்காம் லைன். ஏரிக்கரைத் திருப்பத்துக் கடை சாலைக்கு எதிர்ப்பக்கம் மாறிவிட்டது. பழைய கட்டடம் இடிபடுகிறது. புது இடம் புளியமரத்துக்கு வடக்கே இரண்டாவது கொட்டகை. கரண்ட் பழையதே. சரக்கு வழக்கம்போல்.”

இது என் நாட்குறிப்பில் நான் எழுதியது. நீல மை, என் கையெழுத்து. இந்தக் குறிப்பில் பொய் எதுவும் இல்லை. அதே ஆண்டு ஜூன் 13, வெள்ளிக்கிழமை நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஒரு கடிதத்தில் இதற்கு நேர்மாறான வாக்கியம் ஒன்று இருக்கிறது. இரண்டும் என் வீட்டில், ஒரே அலமாரியில் இருக்கின்றன. ஒன்றைப் படிப்பவர் மற்றொன்றையும் படிக்க வேண்டும் என்பதற்காக, நடந்ததைத் தேதி வாரியாக இங்கே எழுதி வைக்கிறேன்.

வில்லியனூரில் ஒரு கம்பெனியின் ஏஜென்சி என் பெயரில் இருக்கிறது. சோப்பு, துணி பவுடர், ஷாம்பு, பற்பசை. கம்பெனியிடம் வாங்கி என் குடோனில் இறக்கி, வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகளில் உள்ள மளிகைக் கடைகளுக்கும் பெட்டிக் கடைகளுக்கும் போட வேண்டும். கடைகளை ஆறு லைனாகப் பிரித்து வைத்திருந்தேன். திங்கள் முதல் சனி வரை நாளுக்கு ஒரு லைன். லைன் எண் கிழமை வரிசைப்படி இல்லை. செவ்வாய்க்கிழமை நான்காம் லைன், பாகூர்ப் பக்கம்.

இந்தத் தொழிலைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பாண்டி நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவர்களிடம் நிர்வாகப் புத்தகங்கள் கிடைக்கும். வரலாற்றுப் புத்தகங்களுக்கு நடுவே அவற்றையும் வாங்கி வருவேன். படித்ததில் முக்கால்வாசி எங்கள் ஊர்க் கடைக்கு உதவாது. கடைசியில் நான் கைக்கொண்டவை மூன்றுதான். கடைக்கு வருவேன் என்று சொன்ன கிழமையில் போய்விட வேண்டும். மழையானாலும் திருவிழாவானாலும் கிழமை தவறக் கூடாது. ஓடாத சரக்கை மாதக் கடைசி டார்கெட்டுக்காகக் கடைக்காரர் தலையில் கட்டக் கூடாது. உடைந்தது, கசிந்தது எதுவானாலும் கேள்வி கேட்காமல் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். பதினோரு வருடம் இவற்றை வைத்துத்தான் ஓட்டினேன்.

மூன்றையும் தெருவில் செய்து காட்டியவர் என் சேல்ஸ்மேன். செலியமேட்டுக்காரர், என்னைவிட ஐந்து வயது இளையவர், தொடங்கிய நாளிலிருந்து என்னோடு இருந்தார். ஷாம்புச் சரத்தை வாடிக்கையாளரின் கண்ணுக்கு நேரே, ஆனால் தலையில் இடிக்காத உயரத்தில் கட்டுவதில் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. “தலையில இடிச்சா திட்டுவாங்கோ, கண்ணுல பட்டா வாங்குவாங்கோ” என்பார். கடைக்காரர் இல்லாத நேரத்தில் கல்லாவில் உட்கார்ந்து வியாபாரத்தைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு அவரை நம்பிய கடைகள் இருந்தன.

பாகூர்ப் பக்கத்தில் வேறொரு சிக்கல் உண்டு. அங்கே புதுச்சேரியும் தமிழ்நாடும் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டு கிடக்கின்றன. ஒரு சாலையில் மூன்று கிலோமீட்டர் போவதற்குள் மாநிலம் நான்கு முறை மாறும். சில இடங்களில் சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு மாநிலம், அந்தப் பக்கம் ஒரு மாநிலம். ஊரில் யாரும் மாநிலத்தின் பெயரைச் சொல்வதில்லை. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், அவ்வளவுதான். கம்பெனிக்கோ அது பெரிய விஷயம். புதுச்சேரிக் கடைகள் எனக்கு. தமிழ்நாட்டுக் கடைகள் கடலூரில் இருக்கும் வேறு ஏஜென்சிக்கு. ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் சரக்குப் போடக் கூடாது. போட்டால் ஏஜென்சியைப் பிடுங்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது.

கடை எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள, லைனில் போகிறவர்களிடம் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான ஒரு வழி இருந்தது. மீட்டர் பெட்டியைப் பார்ப்பார்கள். எந்த மாநிலத்து மின்சாரம் வருகிறதோ அந்த மாநிலத்துக் கடை. “நம்ம கரண்ட்டா, அவங்க கரண்ட்டா?” என்று ஒரு கேள்வி, அதோடு எல்லைப் பிரச்சினை முடிந்துவிடும். நானும் அப்படித்தான் பழகியிருந்தேன். சர்வே வரைபடத்தைப் பார்த்தவர் எங்களில் யாரும் இல்லை. அத்தனை புத்தகம் படித்த நானும் பார்த்ததில்லை.

மார்ச் 4 மாலை ஐந்து மணிக்குச் சேல்ஸ்மேன் குடோனுக்கு வந்து ஆர்டர்களைக் கொடுத்தார்.

“அக்கா, ஏரிக்கரைத் திருப்பத்துல கடை ரோட்டுக்கு அந்தாண்ட போயிடுச்சி. பழைய செவுரு வுழுந்துடும்போல இருந்துச்சாம். சரக்கு குடுக்கலாமா?”

“கரண்ட் யாருது?”

“நம்மதுதான். பழைய மீட்டர்லேர்ந்து ரோட்டுக்கு மேல ஒயர் இழுத்துட்டாங்கோ. கடைக்காரம்மாவோட தம்பி மரத்து மேல ஏறிக் கட்டனான். நானும் கீழ நின்னு ஒயர புடிச்சேன்.”

“அப்ப குடு.”

பேச்சு இவ்வளவுதான். அன்று இரவு சாப்பாட்டுக்கு முன் நாட்குறிப்பில் எழுதினேன். கரண்ட் பழையதே, சரக்கு வழக்கம்போல்.

சரக்கு வழக்கம்போல் இருக்கவில்லை. பழைய இடத்தில் மாதம் மூன்று பெட்டி பவுடர் எடுத்த கடை, ஏப்ரலில் பன்னிரண்டு பெட்டி எடுத்தது. அந்த மாதம் எங்கள் பக்கத்துக்கு மட்டும் கம்பெனி ஒரு ஸ்கீம் விட்டிருந்தது, பன்னிரண்டுக்கு ஒன்று இலவசம். கடலூர்ப் பக்கத்தில் அது இல்லை. அந்தப் பக்கத்துச் சின்னக் கடைக்காரர்கள் சைக்கிளில் வந்து இந்தக் கடையில் மொத்தமாக வாங்கிப் போனார்கள். எனக்கு இது தெரியாது என்று சொன்னால் நம்பலாம். ஆனால் கேட்கவில்லை என்பதுதான் சரி. என் கணவர் திருபுவனையில் பதினேழு வருடம் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஒரு பிரிவை மூடி, ஜனவரி 31, வெள்ளியன்று அவரை அனுப்பியிருந்தார்கள். அவர் இப்போது என் லோடு வண்டியை ஓட்டினார். வீட்டுக்கு வேறு வருமானம் இல்லை. பன்னிரண்டு பெட்டி எங்கே போகிறது என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்க்கிழமை நானும் லைனுக்குப் போனேன். ஏரிக்கரைத் திருப்பத்தில் சேல்ஸ்மேன் வண்டியை நிறுத்திவிட்டு, இடித்துப் போட்ட செங்கல் குவியல்மேல் ஏறி நின்று கைப்பேசியை அழுத்திக்கொண்டிருந்தார். கடைக்குள் நின்று அழுத்தினால்தான் வருகை பதிவாகும் என்று கம்பெனி ஒரு செயலி கொடுத்திருந்தது. செயலிக்குத் தெரிந்த கடை பழைய கடைதான்.

“போனுக்குக் கடை இங்க இருக்குதுக்கா. எனக்கு அங்க இருக்குது” என்றார் செங்கல்மேல் நின்றபடி. நான் சிரித்தேன். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

ஜூன் 6, வெள்ளிக்கிழமை காலை 10.40க்கு மின்னஞ்சல் வந்தது. “எல்லை மீறிய விற்பனை” என்று தலைப்பு. கடலூர் ஏஜென்சியின் ஆட்கள் தங்கள் பகுதிக் கடைகளில் ஏழு பெட்டிகளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். பெட்டியின் மேல் அச்சான எண் என் குடோனுக்கு வந்த சரக்கின் எண். ஏழும் ஏரிக்கரைத் திருப்பத்துக் கடையில் வாங்கியவை. அந்தக் கடையே அவர்கள் எல்லைக்குள் இருக்கிறது என்று புகார். ஏழு நாளில் விளக்கம் தராவிட்டால் ஏஜென்சி ரத்து.

குடோனில் அப்போது இருந்த சரக்கு முழுவதும் கடனில் எடுத்தது. அதற்கு ஈடாக எங்கள் வீட்டுப் பத்திரம் வங்கியில் இருந்தது. கணவரிடம் மின்னஞ்சலைப் படித்துக் காட்டினேன். அவர் வண்டிச் சாவியை மேசைமேல் வைத்தார்.

“உன் நோட்ட யாருக்கும் காட்டாத” என்றார்.

மறுநாள் ஏரியா மேனேஜர் வந்தார். சென்னைக்காரர், முப்பது வயதுக்குள். மரியாதை தெரிந்தவர். டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

“மேடம், நல்ல ஏஜென்சி யாருன்னு கேட்டா உங்க பேரைத்தான் முதல்ல சொல்வேன். ஆனா இது போட்டோவோட மேல போயிடுச்சு.”

“கடை நம்ம பக்கம்னு நெனச்சிதான் சார் குடுத்தோம்.”

“நெனச்சோம்னு எழுத முடியாது மேடம். கடை பாண்டிக்குள்ளதான் இருக்குன்னு ஒரு பேப்பர் வாங்கிக் குடுங்க. அது முடியலன்னா, உங்களுக்குத் தெரியாம சேல்ஸ்மேன் வித்துட்டான்னு எழுதிக் குடுங்க. ரெண்டுல ஒண்ணு.”

“அவர் என்கிட்ட கேட்டுட்டுதான் சார் குடுத்தார்.”

அவர் டீ தம்ளரைக் கீழே வைத்தார். “மேடம், இது என் காதுல விழல. விழுந்தா ஏஜென்சி போயிடும்.”

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போனேன். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் நான்கு பேர் வரிசையில் நின்றார்கள். ஐந்தாவதாக நிற்கலாமா என்று யோசித்தேன். இன்னும் எதுவும் செய்யவில்லையே என்று வந்துவிட்டேன். செய்த பிறகும் போகவில்லை.

திங்கட்கிழமை நானும் சேல்ஸ்மேனும் அந்தக் கடைக்குப் போனோம். முதல் வழியை முயல்வதற்கு. கடைக்காரம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். வியாபாரக் குடும்பம், மூன்று தலைமுறையாகக் கடை. அவர் வாய்க்குப் பயந்து யாரும் கடன் கேட்க மாட்டார்கள் என்று பெயர்.

“இன்னாம்மா ஏஜென்சி, திங்கக்கெழமைல ரெண்டு பேரா வந்துகிறீங்கோ? பொண்ணு பாக்க வந்தீங்களா?”

“அக்கா, உங்க கடை எந்த ஊர்ல இருக்குது?”

“இன்னா கேள்வி இது? நிக்கிற எடத்துல இருக்குது.”

“பாண்டியா, தமிழ்நாடா?”

“எனக்கு ஓட்டு பாண்டி. ரேஷன் பாண்டி. கரண்ட் பாண்டி. இந்த எடம் எங்க வூட்டுக்காரரோட அக்கா குடுத்தது. அவங்களுக்கு ஓட்டு அந்தப் பக்கம்.”

“பத்திரம் இருக்குதாக்கா?”

“சொந்தத்துக்குள்ள இன்னா பத்திரம்? அந்தம்மா செத்தா போயிட்டா? இருக்கறா, போட்டுக்கலாம்.”

“வீட்டு வரி ரசீது?”

“இந்தக் கொட்டாய்க்கு இன்னும் வரி போடல. நீயே போயி மாட்டி வுட்டுடாதடி யம்மா.” அப்புறம் என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தார். “எல்ல எங்கன்னு வேணும்னா குடிக்கறவனுங்கள கேளு. அவனுங்கதான் அடி பிசகாம சொல்வானுங்கோ. பாட்டிலோட எந்த மரத்தத் தாண்டுனா போலீஸ் புடிக்கும்னு அவனுங்களுக்குத் தெரியும்.”

சேல்ஸ்மேன் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அந்த வாரத்தில் நான் சிரித்தது அப்போது மட்டும்தான். உண்மையில் அந்த யோசனையையும் விடவில்லை. சாராயக் கடையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒருவரை நிறுத்திக் கேட்டேன். அவர் புளியமரத்தைக் காட்டினார். கூட வந்தவர் அதற்கு அடுத்த மின்கம்பத்தைக் காட்டினார். கடை இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

எல்லைக்கல் ஒன்று இருந்ததாகவும் சாலையை அகலப்படுத்தியபோது மண்ணுக்குள் போய்விட்டதாகவும் ஒரு விவசாயி சொன்னார். சேல்ஸ்மேன் கடையிலிருந்து கடப்பாரை வாங்கி, சாலையோரத்தில் மூன்று இடத்தில் தோண்டினார். வெயில் கொளுத்தியது. சட்டையைக் கழற்றி வண்டிமேல் போட்டுவிட்டுத் தோண்டினார். தன் வேலைக்காகத் தோண்டுகிறோம் என்று அவருக்கு அப்போது தெரியாது. மேனேஜர் சொன்ன இரண்டாவது வழியை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. கல் கிடைக்கவில்லை. ஒரு குழியில் பழைய எருமைக் கொம்பு கிடைத்தது.

செவ்வாயன்று லைனுக்கு அவரை அனுப்பிவிட்டு நான் வருவாய் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் பொறுமையாக விளக்கினார். மாநில எல்லை என்பதால் இரண்டு பக்கத்து சர்வேயர்களும் ஒன்றாக வந்துதான் அளக்க முடியும். மனுக் கொடுத்தால் முறைப்படி வரும்.

“வெள்ளிக்கெழமைக்குள்ள முடியுமா சார்?”

“எந்த வெள்ளிக்கெழமைம்மா?” என்று கேட்டார். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார்.

மனுவைக் கொடுத்து ரசீது வாங்கினேன். ஜூன் 10 தேதியிட்ட முத்திரை. புதன்கிழமை மேனேஜரைத் தொலைபேசியில் அழைத்து, ரசீதை அனுப்பினால் போதுமா என்று கேட்டேன். அளந்த பேப்பர்தான் வேண்டும் என்றார். இன்னும் பதினைந்து நாள் அவகாசம் கேட்டேன். தன் கையில் இல்லை என்றார். கெஞ்சினேன். கெஞ்சினேன் என்று நாட்குறிப்பில் எழுதவில்லை. “மீண்டும் கேட்டேன்” என்று எழுதியிருக்கிறேன். அதை இங்கே திருத்திக்கொள்கிறேன்.

அன்று மாலை இரண்டு கடிதங்களை எழுதினேன். முதலாவதில் நடந்தது அப்படியே இருந்தது: சேல்ஸ்மேன் கேட்டார், நான் கொடுக்கச் சொன்னேன், கரண்டை வைத்து முடிவு செய்தோம், எல்லை இன்னும் அளக்கப்படவில்லை. ஒன்றரைப் பக்கம் வந்தது. இரண்டாவது ஐந்து வரி. அதன் மூன்றாவது வரி: “எங்கள் விற்பனையாளர் எங்களுக்குத் தெரியாமல் எல்லைக்கு வெளியே உள்ள கடைக்குச் சரக்கு வழங்கியுள்ளார், அவரைப் பணியிலிருந்து நீக்கிவிட்டோம்.”

வியாழக்கிழமை மதியம் சேல்ஸ்மேன் குடோனுக்கு வந்தார். இரண்டாவது கடிதத்தைப் படிக்கக் கொடுத்தேன். அதன் கீழே அவர் கையெழுத்துக்கும் ஒரு கோடு போட்டிருந்தேன். மேனேஜர் அப்படிக் கேட்டிருந்தார். சேல்ஸ்மேன் நின்றுகொண்டே படித்தார். பிறகு பவுடர்ப் பெட்டிமேல் உட்கார்ந்து மறுபடியும் படித்தார்.

“நான் உங்கள கேட்டனா இல்லியாக்கா?”

“கேட்ட.”

“ஒங்க நோட்டுல எல்லாத்தயும் எழுதுவீங்களே. மழ பேஞ்சா எழுதுவீங்க, டயர் பஞ்சரானா எழுதுவீங்க. இத எழுதுனீங்களா?”

“கடை மாறினத எழுதியிருக்கேன்.”

“அப்ப அத எடுத்து அனுப்புங்க.”

“அனுப்பினா எனக்குத் தெரியும்னு ஆயிடும்பா. ஏஜென்சி போயிடும். ஏஜென்சி போனா உனக்கும்தான் வேலை போவும்.”

“போவட்டும். திருடன்னு பேரு வாங்கிக்கினு போவாதில்ல?”

என் கணவர் வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். உள்ளே வரவில்லை. நான், ஆறு மாதம் பொறுத்துக்கொள், இந்த மேனேஜர் மாறியதும் திரும்பக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றேன். வீட்டுப் பத்திரம் வங்கியில் இருப்பதைச் சொன்னேன். என் கணவருக்கு வேலை இல்லை என்பதைச் சொன்னேன். எல்லாம் அவருக்குத் தெரிந்த செய்திகள். என் குரல் எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை.

“எனக்கும் வூடு இருக்குதுக்கா” என்றார். “ரெண்டு பொண்ணு இருக்குது. அது ஒங்க நோட்டுல இல்லியா?”

கையெழுத்துப் போடவில்லை. கம்பெனி கொடுத்த கைப்பேசி, ஆர்டர் புத்தகம், குடோன் மாற்றுச் சாவி மூன்றையும் மேசைமேல் வரிசையாக வைத்தார். வாசலில் என் கணவரிடம், “வரேண்ணா, நாலாவது லைன்ல கோயிலுக்குப் பக்கத்துக் கடைக்கு ரெண்டு சோப்பு மாத்திக் குடுக்கணும், மறந்துடாதீங்க” என்றார். அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஜூன் 13 வெள்ளி, காலை 11.15க்கு இரண்டாவது கடிதத்தை அனுப்பினேன். அவருடைய கையெழுத்து இல்லாமலே கம்பெனி ஏற்றுக்கொண்டது. ஜூன் 20 அன்று பதில் வந்தது: எச்சரிக்கையோடு விவகாரம் முடிக்கப்படுகிறது, அந்தக் கடை பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது. ஏஜென்சி பிழைத்தது. வீடும் பிழைத்தது.

அடுத்த செவ்வாயிலிருந்து நான்காம் லைனுக்கு நானே போகிறேன். கணவர் வண்டி ஓட்டுகிறார். முதல் வாரம் எல்லாக் கடையிலும் சேல்ஸ்மேனைக் கேட்டார்கள். வேறு வேலைக்குப் போய்விட்டார் என்றேன். மூன்றாவது வாரம் ஒரு கடைக்காரர், “சரக்க வெளிய தள்ளிட்டானாமே, அவனா அப்டி?” என்று கேட்டார். செய்தி எப்படிப் போனது என்று தெரியாது. மேனேஜர் சொல்லியிருக்கலாம், கடலூர் ஆட்கள் சொல்லியிருக்கலாம். இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அவர் ஆர்டர் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் பதிலுக்காகக் காத்திருந்தார். “அதெல்லாம் இப்ப எதுக்குண்ணே, பவுடர் எத்தனை போடட்டும்?” என்றேன். அவர் இரண்டு என்று எழுதினார். முன்பு ஐந்து போடுவார்.

ஷாம்புச் சரம் கட்ட எனக்கு வரவில்லை. ஒன்று தலையில் இடிக்கிறது, இல்லையென்றால் யார் கண்ணிலும் படாமல் உயரத்தில் தொங்குகிறது.

மேனேஜர் செப்டம்பர் 1, திங்கள் அன்று மாற்றலாகிப் போனார். நான் கேட்ட ஆறு மாதத்துக்கு முன்பே. புதியவர் வந்து கோப்பைப் பார்த்துவிட்டு, “அந்த ஆள் மறுபடி நம்ம பக்கம் வரலையே மேடம்?” என்று கேட்டார். வரவில்லை என்றேன். அது உண்மை. நான் எழுத்தில் கொடுத்ததை நானே எப்படி மாற்றுவது என்று பல நாள் யோசித்தேன். மாற்றினால் ஜூன் மாதத்துக்குத் திரும்பப் போக வேண்டும். வங்கியில் பத்திரம் அப்படியேதான் இருக்கிறது. நான் சேல்ஸ்மேனைக் கூப்பிடவில்லை.

அக்டோபரில் திருபுவனை நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். ஏதோ தொழிற்சாலையின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டை போட்டுக்கொண்டு, காலைப் பேருந்திலிருந்து கூட்டத்தோடு இறங்கினார். என் கணவர் வேகத்தைக் குறைத்தார். நான் போங்கள் என்றேன்.

டிசம்பர் 9, செவ்வாய்க்கிழமை ஏரிக்கரைத் திருப்பத்தில் வண்டியின் சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. அந்த இடத்தில்தான் இறங்க வேண்டுமா என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன். சாலைக்கு மேல் ஒயர் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரம்மா என்னைப் பார்த்ததும் வெளியே வந்தார். ஆறு மாதமாக நான் அவருக்குச் சரக்குப் போடவில்லை.

“வாம்மா ஏஜென்சி. என் கடைய ரோட்டுல தள்ளிட்டு, அவனயும் தள்ளிட்டு, இப்ப உன் வண்டியே நின்னுடுச்சா?”

அவரே ஒரு முக்காலியை எடுத்துப் போட்டார்.

“நீ மனு குடுத்தியாமே. அளக்க வந்தாங்கோ, தெரியுமா?”

“எப்பக்கா?”

“தீவாளிக்கு அப்பால. நாலஞ்சி பேரு. டேப்பு புடிச்சி அந்த மரத்துலேர்ந்து அளந்தாங்கோ. ஒருத்தரு, ‘கடை பாண்டிதாம்மா, பயப்படாத’ன்னாரு. இன்னொருத்தரு ஒண்ணும் சொல்லல, சிரிச்சாரு. அப்பறம் டீ குடிச்சிட்டுப் போயிட்டாங்கோ.”

“யாரு வந்தது? எந்தப் பக்கத்து ஆளுங்க? பேப்பர் எதுனா குடுத்தாங்களா?”

“எனக்கு இன்னா தெரியும்? பேப்பர நீதான் வச்சிக்கினு சுத்துவ.”

மறுநாள் ரசீதை எடுத்துக்கொண்டு வருவாய் அலுவலகத்துக்குப் போனேன். மனு நிலுவையில் இருப்பதாகவே பதிவில் இருக்கிறது. அளந்ததற்கான குறிப்பு அவர்களிடம் இல்லை. வந்தவர்கள் சாலைப் பணிக்காக வந்த வேறு ஆட்களாகவும் இருக்கலாம் என்றார்கள்.

ஆகவே இதை எழுதும் நாள்வரை நிலை இது: “எல்லைக்கு வெளியே உள்ள கடை” என்று நான் கையெழுத்திட்ட கடை எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பது எழுத்தில் எங்கும் இல்லை. புதுச்சேரிதான் என்று யாரோ ஒருவர் சொன்னதாகக் கடைக்காரம்மா சொன்னார். சரிபார்க்கப்படவில்லை.